சன்னலைத் தட்டிய அந்துப்பூச்சிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தார். மலையில் ஆட்களை அடிப்பார். வீட்டுக்கு வந்து என்னை அடிப்பார். ஒருநாள் அவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி வீச, அது பட்டு என் விலா எலும்பில் விரிசல் விழுந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணமாகாதவர். கட்டுப்போட இவ்வளவு நேரமா என்று கேட்டு என் கணவர் அன்றைக்கே மறுபடியும் அடித்தார்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் கொய்யாக் கொப்பில் ஒரு பூச்சிக்கூடு தொங்குவதைக் கண்டேன். கோழிமுட்டை அளவு இருக்கும். என் அப்பா பேராதனையில் பூச்சிகளை ஆராயும் அலுவலகமொன்றில் கிளார்க்காக இருந்தவர். இப்படியான கூடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவார். அந்த ஞாபகத்தில் ஆசைப்பட்டு அதை எடுத்துவந்து, சமையலறைச் சன்னலை ஒட்டியிருந்த கம்பிவலை அலுமாரிக்குள் வைத்தேன்.

ஒரு மத்தியானம் அந்துப்பூச்சி வெளியே வந்தது. என் இரண்டு உள்ளங்கை அகலம், காவி நிறம், சிறகுக்கு ஒரு கண் மாதிரிப் பொட்டு. வயிறு பருத்திருந்ததால் பெண் என்று தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் வலையைப் பற்றித் தொங்கியபடி வயிற்றின் நுனியை நீட்டிக்கொண்டது. பெண்பூச்சி துணையைக் கூப்பிடுவது இப்படித்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். சத்தம் கிடையாது. அந்த நுனியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நம் மூக்குக்கு அது எட்டாது. ஆண்பூச்சியின் தலையில் கோழியிறகு போல விரிந்திருக்கும் இரண்டு கொம்புகள் வெகுதூரத்திலிருந்தே அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது காற்றுக்கு எதிராகப் பறந்து வந்துவிடும்.

கணவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஆண்பூச்சிகள் வந்துவிட்டன. மூடியிருந்த சன்னல் பலகையில் டொக் டொக்கென்று மோதின.

அவர் என் கூந்தலைப் பிடித்து இழுத்தார். "எவன்டி தட்டுறான்?"

"யாருமில்லைங்க. பூச்சிங்க. உள்ள பொட்டப்பூச்சி இருக்கு, அதைத் தேடி வருதுங்க."

"யாருக்குக் காது குத்துற?" என்று என் முகத்தைச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்து வாயெல்லாம் இரத்தம். தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியை உருவிக்கொண்டு வெளியே ஓடினார்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்காரர் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் நோயாளியைப் பார்த்துவிட்டு லாந்தரோடு எங்கள் வீட்டைக் கடந்துகொண்டிருந்தார். "நில்லுடா!" என்ற சத்தம் கேட்டது. அடுத்து, "ஐயோ, என்ன செய்யிறியள்!" என்ற அலறல். நான் வாசலுக்குப் போனபோது லாந்தர் கீழே கிடந்தது. முழங்கைக்குக் கீழே வெட்டுப்பட்டு அவர் சரிந்திருந்தார். அவர் தலைக்கு மேலேயும் பூச்சிகள் பறந்தன.

கணவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அலுமாரியைத் திறந்தார். பெண்பூச்சியை முஷ்டிக்குள் போட்டு நசுக்கி, கையைத் தன் பனியனில் துடைத்தார். அதுதான் அவருக்கு வினையாயிற்று. நசுங்கிய வயிற்றின் வாசனை முழுவதும் அவர் மேல் அப்பிக்கொண்டது. திறந்திருந்த கதவு வழியே ஆண்பூச்சிகள் உள்ளே புகுந்து நேரே அவர் நெஞ்சில் விழுந்தன. தட்டிவிட்டால் திரும்ப வந்தன. சிறகு கிழிந்தவையும் தரையில் சுற்றிச் சுற்றி அவர் காலில் ஏறின.

"என்னடி ஏவிவிட்ட! சூனியக்காரி!"

கண்மண் தெரியாமல் கத்தியை வீசினார். பூச்சிகள் துண்டாகி விழுந்தன. தொடையில் உட்கார்ந்த ஒன்றை ஓங்கி வெட்டியபோது வளைந்த அலகு அவர் சதைக்குள்ளேயே இறங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு இரக்கமே வரவில்லை. கத்தியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, சேலையைக் கிழித்துக்கொண்டு மருந்துக்காரரிடம் ஓடினேன்.

"வெட்டுக்கு மேல இறுக்கிக் கட்டுங்கோ. இன்னும் இறுக்குங்கோ" என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

கண்டி நீதிமன்றத்தில், வாசனைக்கு வந்த பூச்சிகள்தான் சன்னலைத் தட்டின என்று நான் சொன்னதும் கேட்டார்கள், என்ன வாசனை என்று. "நமக்குத் தெரியாதுங்க ஐயா, அதுங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருந்துக்காரர் எழுந்து, "ஓம், என்ர முகத்திலயும் வந்து மோதினது. இந்தப் பிள்ளை சொல்லுறது உண்மை" என்றார். அவருடைய இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவேயில்லை. வழக்கு முடிந்ததும் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கணவர் சிறைக்குப் போனார். நான் அம்பிட்டியவில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தையல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தேன். விடுதலையானதும் அவர் நொண்டிக்கொண்டு வேலிப் படலைக்கு வந்தார். "கெளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றார். அண்ணன் இரும்புக் கம்பியை எடுத்தார். நான் அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு முன்னே போனேன்.

"நான் வரமாட்டேன். போங்க."

அவர் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. என் முகத்தில் துப்பிவிட்டு இறக்கத்தில் இறங்கிப் போனார். பிறகு கலகெதரப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கேயும் ஆட்களை அடித்துக்கொண்டுதான் இருந்தாராம்.