ஏழு கிலோ குறைந்த கதை

டாக்டர் தந்த மாத்திரையை ஒரு பத்திரிகைக் கட்டுரையை நம்பி நிறுத்திய மேதாவி நான்.

எனக்குப் பல வருடமாகக் குடல் அழற்சி. தொப்பைக் கொழுப்பு வெறும் சுமையல்ல, அது சுரக்கும் ஹார்மோன்கள் குடல் அழற்சியைத் தூண்டக்கூடும் என்று புதிதாகக் கண்டுபிடித்திருப்பதாகப் படித்தேன். கொழுப்பைக் கரைத்தால் போதுமே! மூன்று வேளையும் மோர்க்கஞ்சிதான். வேலைக்குப் போகும் வழியில் அரியலூர் ரயில் நிலைய எடை இயந்திரத்தில் தினமும் ஏறினேன். ஒரே மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. வயிற்றுப்போக்கைக்கூடக் கொழுப்பு வெளியேறுவதாகவே எண்ணிக்கொண்டேன். பிறகு இரத்தமாகப் போனது. ஒருநாள் அந்த இயந்திரத்தின் மேலேயே மயங்கி விழுந்தேன்.

மாத்திரை தந்த அதே பெரம்பலூர் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க படிச்சது நெசந்தான் சார். ஆனா அந்த ஹார்மோன்ல அழற்சியத் தூண்டுறதும் உண்டு, தணிக்கிறதும் உண்டு. ஆராய்ச்சியே இன்னும் முடியல. நீங்க இளைச்சது நோய் முத்துனதால. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா குடலை வெட்டி எடுத்திருக்கணும்."

இப்போது மாத்திரை தவறுவதில்லை. எதைப் படித்தாலும் அவரிடம் கேட்காமல் செய்வதில்லை. இதை அந்தப் பத்திரிகைக்கே எழுதி அனுப்பப் போகிறேன் என்றதும் மனைவி சொன்னாள்: "வேணாங்க. இதையும் பாதி படிச்சிட்டு எவனாச்சும் மாத்திரைய நிறுத்திடப் போறான்."