பேச்சில் வராத வார்த்தை

விருதுநகரில் டாக்டரைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரருடைய ரிப்போர்ட்டோடு ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். குறை அவரிடம்தான் என்று டாக்டர் எங்கள் இருவருக்கும் பொறுமையாகச் சொல்லியிருந்தார். பேப்பரில் ‘ஃபெகண்டிட்டி’ என்று ஒரு வார்த்தை, பக்கத்திலேயே ‘குறைவு’ என்பதற்கான இங்கிலீஷ். பன்னிரண்டு வரை படித்தவள்தானே என்று போனில் தேடினேன். கருவளமாம். மண்ணுக்கும் மீனுக்கும், ஒருவருடைய கற்பனைக்கும்கூடச் சொல்லலாமாம். சாதாரணப் பேச்சில் வராது, அறிக்கையிலும் புத்தகத்திலும்தான் வரும் என்று போட்டிருந்தது.

அவரிடம் படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத” என்றார். பாவமாக இருந்தது. தலையாட்டிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

எங்கள் பக்கம் வளைகாப்பில், பிள்ளையில்லாதவளை மாசமாக இருப்பவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து அவளுக்கும் வளையல் போடுவார்கள். அடுத்தது அவளுக்குத் தங்கும் என்று நம்பிக்கை. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். கல்யாணமான ஆறு வருசத்தில் ஐந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. ரிப்போர்ட்டுக்குப் பிறகு ஆறாவதாக என் நாத்தனாருக்கு. பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகி மருந்து ஒட்டிய என் விரல்களை அமுக்கி வளையலை ஏற்றும்போது ஒருத்தி, “இருக்கன்குடி ஆத்தா ஒனக்கும் கண்ணத் தொறப்பா” என்றாள். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

எல்லாரும் போனபின் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்ட சாத்தூர்ப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம். “நீயே சம்மதம்னு சொல்லிட்டா ஊரு பேசாது, தாயி. ஒன்னய வெளிய போகச் சொல்லல. நீயும் இங்கனயே இருந்துக்க.”

வீட்டுக்காரரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணையும் இன்னும் எத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்களோ என்று நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கொறை ஒங்க மகனுக்குத்தான் அத்தை. அவுகளுக்கும் தெரியும்” என்றேன்.

மாமியார் மகனைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இத வெளிய சொல்லிறாத, தாயி. அவன் ஆம்பள, தாங்க மாட்டான். நீ இம்புட்டு நாளு தாங்கிட்டயில்ல” என்றார்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தேன்.

“எனக்குத் தெம்பில்ல அத்தை. இனிமே யாரு கேட்டாலும் சொல்லிருவேன்.”