ரீச்சரின் பிழையான வாய்பாடு

எனக்கு நாலாம் வகுப்பில் படிப்பித்த ரீச்சரைப் பார்க்க நீர்வேலிக்குப் போயிருந்தேன். பக்கத்து வளவில் கலியாணம். படம் எடுக்க ட்ரோன் ஒன்றை மேலே ஏற்றினார்கள். அந்த இரைச்சல் கேட்டதும், கதிரையில் இருந்த ரீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஹெலி வருது."

"இல்லை ரீச்சர், அது கமெரா," என்றேன். அவர் பிடியை விடவில்லை.

சண்டை நடந்த அந்த நாளில், சுட வருகிற ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால், எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வாழைத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு ஓடுவார். தண்ணீர் இறைத்த ஈரம் காயாத செம்மண்ணில் குப்புறப் படுப்போம். மூக்குக்குள் மண் ஏறும். அந்தக் கோதாரி மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். ரீச்சரும் எங்களோடு படுத்தபடி வாய்பாடு சொல்லுவார். வேண்டுமென்றே பிழை விடுவார்.

"ஏழெட்டு ஐம்பத்தைஞ்சு."

"ஐம்பத்தாறு ரீச்சர்!" என்று கத்துவோம். ரீச்சரையே திருத்திவிட்ட சந்தோசப் புளுகத்தில் ஹெலி மறந்துபோகும். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் பயந்துகொண்டு நிற்கும்போது, என் வாய் தன்பாட்டில் வாய்பாடு சொல்லத் தொடங்கிவிடும்.

ட்ரோன் போகிற மாதிரித் தெரியவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அவருடைய காதருகே குனிந்தேன்.

"ரீச்சர், ஏழெட்டு ஐம்பத்தைஞ்சு."

என் முகத்தையே பார்த்தார். பிழை எண்டு சொல்லுங்கோ ரீச்சர், ஒருக்கால் சொல்லுங்கோ.

"ஓம் பிள்ளை," என்றார், என் கையை விடாமலே. "சரி."