தாளைப் பார்த்து வெட்டியது

தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றி எழுத்தில் புகார் வந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. முப்பது சொச்சம் ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் பிறர் மனுக்களை அடியில் போட்டு வைத்தவன் என்பதால், பதினாறாம் நாளும் பதில் வராதபோது எனக்கு ஏமாற்றம் எதுவும் இல்லை.

என் புகார், ஒரு மாலை நேரத் தொடர் மீது. குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் வழி திறந்து, மலம் பையில் இறங்கும்படி வைத்த பெரியவர் ஒருவர் அதில் வருகிறார். பையை வேட்டிக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். நிச்சயதார்த்த வீட்டில் பை வெடிக்கிறது. மறுவாரம் அவர் மாலை போட்ட படமாகிவிட்டார். பத்து மாதமாக எனக்கும் அதே பைதான். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் குலுங்கிப் போய்வந்திருக்கிறேன். வெடித்ததில்லை.

நான் மட்டும் பார்த்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். என் மனைவியின் தங்கையும் பார்த்துவிட்டாள். போடியில் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவள். அவளுக்கும் அதே ஆபரேஷன் என்று மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் குடலில் உள்ள கட்டி பரவிவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"நான் வரலை மச்சான். அந்தாளு மாதிரி நாறிக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்குப் போய்ச் சேந்திரலாம்."

"ஒரு மணி நேரமா உன் எதுக்கதான் உக்காந்திருக்கேன். நாறுதா?"

"நீங்க ஆபீசரு. உங்களுக்கு நல்ல பையாக் குடுத்திருப்பாங்க."

பேசிப் பயனில்லை. மறுநாள் காலை பை மாற்றும் நேரத்துக்கு அவளை வரச் சொன்னேன். கூச்சம் ஒருபுறம். காட்டும் நிலையிலும் நான் இல்லை. ஓரத்தில் கசிந்து, சுற்றிலும் தோல் வெந்து சிவந்திருந்தது. மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். பொய் காட்டுகிறார்கள் என்று புகார் எழுதியவன் நான். மறைக்கவில்லை.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து, தோலில் ஒட்டும் தகட்டில் நான் வெட்டியிருந்த ஓட்டையையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிக் காயையும் பார்த்த உடனே பிரித்துவிடுகிற கண் அது.

"ஓட்டை பெருசு மச்சான். சுத்தி மூணு மில்லி இடைவெளி விழுது. அதுலதான் ஈரம் நின்னு தோலைத் திங்குது."

"டிஸ்சார்ஜ் தாள்ல முப்பத்தெட்டு மில்லின்னு போட்டிருக்கே."

"அது எப்ப எழுதினது?"

"ஆபரேஷன் பண்ணினப்ப."

"பச்சைக் காய் காஞ்சா சுருங்காதா? வீக்கம் வத்திப்போச்சு. தாளைப் பாத்து வெட்டாதீங்க, வயித்தைப் பாத்து வெட்டுங்க. கொண்டாங்க அந்தக் கத்திரியை."

காலாவதியான ஆணையைப் பின்பற்றியவர்களுக்கு ஒரு காலத்தில் மெமோ கொடுத்தவன் நான். மருத்துவமனை நர்சுக்குப் போன் செய்தேன். "அளந்து அளந்து வெட்டணும்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார். சொல்லியிருப்பார். நான் எழுத்தில் இருப்பதை மட்டும்தான் நம்புவேன்.

தினமும் கடைக்குப் போகிற வழியில் வந்து, தோலைப் பார்த்துவிட்டுப் போனாள். சிவப்பு வடிந்து பழைய நிறம் திரும்பிய அன்று கேட்டாள், "மதுரைக்கு என்னைக்கு மச்சான் போறோம்?"

ரயிலில் போனோம். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது தன் தகட்டைத் தானே வெட்டிக்கொள்கிறாள், மில்லி பிசகாமல். காய் பிரிக்கவும் திரும்பிவிட்டாள்.

தொடர் முடிந்து பல வாரம் கழித்துப் பதில் வந்தது. என் மேலான கருத்து கதைக்குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாம். சாப்பாட்டு நேரத்தில் வந்தவள் வாங்கிப் படித்தாள்.

"அனுப்பி என்ன செய்ய? அந்தாளத்தான் கொன்னுட்டாங்களே" என்று சிரித்துவிட்டு, வெரசாகக் கடைக்குக் கிளம்பினாள்.

கடிதத்தில் தேதி போடவில்லை. அலுவலக வழக்கம்போல மேல்மூலையில் நானே எழுதினேன்: வரப்பெற்றது, ஆடி பதினெட்டு.