வெறும் நீரில் இரும்பு

இந்த நார்வே நகரத்துக்கு வந்த புதிதில் என்னைப் பயமுறுத்தியது குளிரல்ல, என் உள்ளங்கால். நாள் முழுக்க அறைக்குள் வெறுங்காலோடு நடந்தாலும் அதில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டுவதில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் உலைகள். பெருக்கிய கூடத்தில் நாலு எட்டு வைத்தாலே பாதம் கரியாகிவிடும். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். இங்கே சில நாட்களில் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

முனைவர் பட்டம் வாங்கியவர்களின் அடுத்த அலைச்சலுக்குப் போஸ்ட்டாக் என்று பெயர். ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்தம் முடிவதற்குள் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். தவறினால் விசா போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் அந்த விளிம்பில் நின்றிருந்தேன். பல இடங்களிலிருந்து பதில்கூட இல்லை. கடைசியில், பனிக்கட்டியில் கலந்திருக்கும் உலோகங்களை அளக்கும் ஒரு பேராசிரியை, "ஒரு வாரம் வந்து செய்துகாட்டு" என்றார்.

அங்கே முதல் வேலை, எதுவுமே கலக்காத தூய நீரை இயந்திரத்தில் விட்டுப் பார்ப்பது. சுழியம் வர வேண்டும். வந்தால்தான் உங்கள் கையை நம்புவார்கள். பேராசிரியை செய்தபோது சுழியம். அதே நீரை நான் எடுத்து வைத்தபோது இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு. மறுநாளும் அப்படியே. தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடைக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீரிலும் பாத்திரத்திலும் இல்லாத ஏதோ ஒன்று, நான் உள்ளே நுழைந்ததும் என்னோடு நுழைந்தது.

"இன்று தலைக்குக் குளித்தாயா?" என்று கேட்டார் பேராசிரியை. எனக்குச் சுருக்கென்றது. "நாங்கள் தினமும் குளிப்பவர்கள்" என்றேன் வெடுக்கென்று. அவர் விழித்தார். சில ஷாம்பூக்களில் துத்தநாகம் இருக்குமாம், அதைத்தான் கேட்டிருக்கிறார். ஷாம்பூவை மாற்றினேன். இரும்பு போகவில்லை.

அம்மாவிடம் போனில் புலம்பினேன்.

"நான் அனுப்ச்ச புது பனியனத்தான போட்டுக்கினு போற? நல்லா அலசி, மொட்டமாடில காயவச்சி அனுப்ச்சேன்மா. அது ராசியான துணி" என்றாள்.

இயந்திரம் சொன்ன பெயர்களெல்லாம் எங்கள் உலைப்புகையில் இருப்பவை. அத்தனை தூரம் தாண்டி எங்கள் மொட்டைமாடி என் தோளில் ஏறி வந்திருக்கிறது.

மறுநாள் இங்கே வாங்கிய உடுப்போடு போனேன். சுழியம். பேராசிரியை கைகுலுக்கினார், வேலை உறுதி. சந்தோஷமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயமாக இருந்தது. ஒரு பனியனில் ஒட்டியதே இவ்வளவு என்றால், அந்த மாடியில் தினமும் மூச்சுவிடுகிறவளுக்குள் எவ்வளவு இருக்கும்?

உடனே வீடியோவில் கூப்பிட்டேன்.

"கெட்ச்சிடுச்சாம்மா? அப்ப இன்னும் ரெண்டு வருசம் வரமாட்டியா?"

"நீ இங்க வந்துடும்மா."

"நான் அங்க வந்து இன்னா பண்ணப்போறேன்? இரு, செல்லெல்லாம் ஒரே தூசி. உன் மொகமே தெரியல" என்று முந்தானையால் துடைத்தாள்.

என் திரை முழுக்க அவள் புடவை. அதற்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது. துடைப்பதும் நிற்கவில்லை, இருமலும் நிற்கவில்லை. தூசியில்லாத காற்றை இழுத்து இழுத்து, "அம்மா, அம்மா" என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.