ஙொய் என்றால் எர்த்து, கிர்ர் என்றால் சார்ஜர்

"வெளக்கமெல்லாம் வோணாம்மா. வாயால பண்ணிக் காட்டு. ஙொய்யுன்னு கீதா, கிர்ருன்னு கீதா?"

போனில் யார் கூப்பிட்டாலும் ஹமீதுன்னிசாவின் முதல் கேள்வி இதுதான். மறுமுனையில் இருப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒருவிதமான தொடர்ச்சியான இரைச்சல்..." என்று ஆரம்பிப்பார். "அதெல்லாம் எனக்கு வெளங்காது, நைனா. பண்ணு" என்பார் இவர். ஏதோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். அப்புறம் ஓய்வுபெற்ற பேராசிரியர், ராசிபலன் சேனல் நடத்துகிறவர், டெக்சாஸ் குழந்தைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறவர் என்று பேதமில்லாமல் எல்லாரும், "ஙொய்ய்ய்ய்" என்று உறுமிக் காட்டுவார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஒருமுறையாவது இப்படி உறுமாத கௌரவஸ்தர்கள் அருகி வருகிறார்கள்.

மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான வஸ்து ஒன்று உண்டு. கடைக்காரர்கள் அதை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். ஹமீதுன்னிசா டப்பா என்பார். ஊரடங்கு காலத்தில் விருந்தாளியாக வீட்டுக்குள் வந்து, ஊரடங்கு போன பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்ட டப்பா. அது வந்த வீட்டுக்கெல்லாம் இரைச்சலும் கூடவே வந்தது. இரைச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் ஹமீதுன்னிசா போகிறார்.

அவருடைய வைத்திய சாஸ்திரம் சுருக்கமானது. ஙொய் என்றால் எர்த்து. கிர்ர் என்றால் சார்ஜர். டிக்கு டிக்கு டிர்ர் என்றால் டப்பாவின் தலையிலேயே செல்போனை வைத்திருக்கிறார்கள். உஸ்ஸ் என்றால் வியாதி மெஷினுக்கு இல்லை, மனுஷனுக்கு. "மைக்க மூணடி தள்ளி வச்சிகினு, குமிழ முழுசா திருப்பி உட்டா அது இன்னா பண்ணும், பாவம்? கிட்ட வந்து பாடேன். கடிக்கவா போவுது?"

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் அவருக்கு சீசன். வீட்டிலுள்ள ஆயுதங்கள் அனைத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற பக்திமான்கள் டப்பாவையும் விட்டுவைப்பதில்லை. குமிழுக்கு ஒரு பொட்டு, ஒயர் சொருகுகிற ஓட்டைக்கு ஒரு பொட்டு. சந்தனம் காய்ந்து உள்ளே உதிர்ந்ததும் 'கரகர' ஆரம்பமாகிவிடும். ஹமீதுன்னிசா சின்ன பிரஷ்ஷால் பயபக்தியோடு துடைத்து எடுப்பார். "பொட்டு வை, வேணான்னு சொல்லல. நெத்தியில வை. வாயில வைக்காத" என்பது அவருடைய நிலையான அறிவுரை.

ராயப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். வயது ஐம்பத்துநாலு. இந்தக் காதுகள் அவருக்குத் தொழிலில் கிடைத்தவை. அமெரிக்க டாக்டர்கள் சூயிங்கம் மென்றுகொண்டே முணுமுணுத்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் வாங்கி டைப் அடிக்கிற கம்பெனியில் பல வருஷம் இருந்தார். அங்கே காலுக்குக் கீழே ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். அந்த வேலையைக் கம்ப்யூட்டரே கற்றுக்கொண்ட பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்தியை யாரும் ஹமீதுன்னிசாவின் வலது காலுக்குத் தெரிவிக்கவில்லை.

இன்றைக்கும் எதிரே ஒருவர் பேச ஆரம்பித்தால் அவருடைய வலது பாதம் தரையில் அழுந்தும். பேச்சு பிடிக்கவில்லையென்றால் முன்பாதம் மெல்ல மேலே எழும். எழுந்துவிட்டால், அதற்குமேல் நீங்கள் பேசுவது எதுவும் பதிவாகாது. அவருடைய கணவர் ஷரஃபுதீன் இதை நன்றாக அறிந்தவர். சாப்பாட்டு மேஜையில் தன் தம்பிகளின் பெருமையைச் சொல்ல ஆரம்பிக்குமுன் குனிந்து ஒருமுறை கீழே பார்த்துக்கொள்வார்.

பாட்டைக் கேட்பதிலும் அவர் வழி தனி. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ள சில விநாடி, முடிந்த பிறகு உள்ள சில விநாடி, இரண்டையும்தான் கேட்பார். நடுவில் பாடகர் வாயைத் திறந்ததும் கால் எழும்பிவிடும். "பாட்டத்தான் ஊரே கேக்குதே. பாட்டு இல்லாத எடத்த யாரு கேக்குறது?" என்று நியாயம் பேசுவார். இத்தனை வித்வான்கள் வீட்டுக்குப் போயும் ஒரு முழுப் பாட்டை அவர் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. மயிலாப்பூர் இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஙொய் மாமி' என்று பெயர்.

போன ஆனி மாதம் நீரஜாவிடமிருந்து போன் வந்தது.

நீரஜா மாட வீதிக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் பாட்டு வகுப்பு நடத்துகிறவர். மார்கழியில் ஒரு சபாவில், மத்தியான வேளையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே ஒரு கச்சேரி கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சபாவுக்குப் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். போன வருஷம் அனுப்பினார், பதில் இல்லை. முந்தின வருஷமும் அப்படியே. "இந்தப் பாழாப்போன சத்தம்தான் காரணம், ஹமீதாம்மா. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அனுப்பணும். இந்த வருஷமும் இல்லேன்னா நான் விட்டுடப் போறேன்" என்றார்.

"அழாத, டீச்சரம்மா. சத்தத்தப் பண்ணு."

நீரஜா பண்ணினார். சங்கீதக்காரர் அல்லவா, சுத்தமாக, ஆடாமல் அசையாமல், நீளமாக வந்தது. "மாஷா அல்லா! இவ்ளோ நேர்த்தியா யாரும் ஙொய் பண்ணி நான் கேட்டதில்ல" என்று மனதாரப் பாராட்டிவிட்டு ஹமீதுன்னிசா ஷேர் ஆட்டோ பிடித்தார்.

வீட்டில் நீரஜாவின் கணவர் கிச்சா, வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர், ஏற்கெனவே வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார். யூடியூபில் யாரோ சொன்னார் என்று டப்பாவை அலுமினியத் தாளில் சுற்றியிருந்தார். நாலு சப்பாத்தியைக் கட்டிவைத்தது போல இருந்தது.

"இத்த யாருக்கு சார் கட்டிக் குடுத்துட்டு இருக்கீங்க?"

"ஷீல்டிங், ஹமீதாம்மா. வெளியிலேர்ந்து வர்ற அலையெல்லாம் தடுக்கும்."

"வெளிய இருந்து அலை வர்றதுக்கு இது இன்னா பட்டினப்பாக்கம் பீச்சா? பிரிங்க சார்."

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. இன்வெர்ட்டர் நின்றது. ஹமீதுன்னிசா கைப்பையிலிருந்து பாக்கெட் ரேடியோவை எடுத்து, எந்த ஸ்டேஷனிலும் சேராமல் நடுவில் நிறுத்தி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிற டாக்டர் மாதிரி சுவர் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு போனார். கெட்ட சார்ஜர் எங்காவது ஒளிந்திருந்தால் ரேடியோ படபடக்கும். படபடக்கவில்லை. மூன்று பேரும் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். ஙொய் அப்படியே இருந்தது.

லேப்டாப் சார்ஜரில் மூன்று முள் பிளக். அதை ஒரு இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருந்தார் கிச்சா. "பார்த்தியா? எர்த்து முள்ளுக்கு எடமே இல்ல. இதான் வெனை" என்று வெற்றிக் களிப்போடு அதைப் பிடுங்கி, மூன்று ஓட்டை உள்ள பாயின்டில் மாட்டினார் ஹமீதுன்னிசா. ஙொய் போகவில்லை. அவர் முகம் சுருங்கியது. சார்ஜரையே பிடுங்கினார். சட்டென்று அமைதி. நீரஜா கைகூப்பி ஆலாபனைக்கு மூச்சிழுப்பதற்குள் லேப்டாப் உயிரை விட்டது; அதன் பேட்டரி கிச்சாவுக்கு முன்பே விருப்ப ஓய்வு பெற்றிருந்தது.

"சார், லேப்டாப் தொட்டா ஜிவ்வுங்குதா?"

"ஆமாம், ரொம்ப நாளா. பழைய மாடல்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு நெனைச்சுண்டிருந்தேன்."

"இந்த பில்டிங் எர்த்து கம்பி எங்க எறங்குது?"

கீழே போனார்கள். வாட்ச்மேன் கைகாட்டிய இடத்தில், தார்ப்பாய் போர்த்தி, நாலு வருஷமாக ஓடாத ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் சக்கரத்துக்குக் கீழே எர்த்துக் குழியின் மூடி. ஸ்கூட்டர் கிச்சாவுடையது.

"எத்தினி தபா சொன்னேன் சார், வண்டிய எடு, குழிக்குத் தண்ணி ஊத்தணும், காஞ்சுபூடும்னு? இன்னிக்கு எடுக்குறேன், நாளைக்கு எடுக்குறேன்னு சொல்லிகினே இருந்தியே!" என்றார் வாட்ச்மேன். கிச்சா வெகு கவனமாகத் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார்.

மூடியைத் திறந்தால், உள்ளே அப்பளம் பொரிக்கலாம் போலக் காய்ந்து கிடந்தது. மேலிருந்து கல்லுப்பு வந்தது. பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் வந்தது, தூக்கியவர் கிச்சா. குழி மடக்மடக்கென்று குடித்தது. மாடிக்கு வந்து சார்ஜரை மாட்டினார்கள். ஙொய் இல்லை. ஹமீதுன்னிசாவின் கால் தரையில் அழுந்தி அழுந்திப் பார்த்தது. இல்லவே இல்லை. கிச்சா உற்சாகத்தில் லேப்டாப்பிலிருந்த பழைய பதிவுகளையெல்லாம், "குப்பை, குப்பை" என்று சொல்லிக்கொண்டே ஒன்றுவிடாமல் அழித்துத் தள்ளினார்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி இருக்கு, ஹமீதாம்மா" என்று சிரித்தபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார் நீரஜா. பக்கத்தில் எலக்ட்ரானிக் தம்புரா மீட்ட ஆரம்பித்தது. பாடினார். நிறுத்தினார். மறுபடி பாடினார். நிறுத்தினார்.

"ஏன்னா, தம்புரா எறங்கிடுத்தா?"

"மெஷின் எப்படிடீ எறங்கும்? அஞ்சு கட்டைதான் காட்றது."

நீரஜா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எறங்கலை. நான்தான் ஏறிண்டிருக்கேன்" என்றார். "அந்த ஙொய் அஞ்சு கட்டைக்கு ஒரு பொடி மேல இருந்தது. அஞ்சரையும் இல்லை, நடுவுல. மூணு வருஷமா காதுக்குள்ள தம்புராவைவிட அதுதான் சத்தமாக் கேட்டுண்டிருந்தது. நான் அதோடதான் சுருதி சேர்ந்து பாடிண்டிருந்திருக்கேன். சபாவுல சத்தத்தைக் கேட்டுட்டு ஒதுக்கலை. தம்புரா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு போறதைக் கேட்டிருக்கா."

கரண்டுக்குக் கற்பூரம் காட்டி சிஷ்யையாகச் சேர்ந்தவர்கள் நம் சங்கீத உலகில் அதுவரை இல்லை.

"இப்போ தொண்டையை இறக்கணும்னா ஒரு மாசம் ஆகும். ஆறு மணிக்குள்ள எங்கே இறக்கறது?"

சத்தத்தைக் கொன்றதற்காக ஒரு வீட்டில் அழுகை கேட்பது ஹமீதுன்னிசாவுக்கு இதுதான் முதல் தடவை. "தொண்ட ஏன்மா எறங்கணும்? தம்புராவ ஏத்து. அதுல சின்னக் குமிழ் ஒண்ணு கீதே."

"ஏத்தலாம். எதுவரைக்கும்? அந்த ஙொய் நின்னு போனதும் எங்கே இருந்ததுன்னே புடிபடலை. பழைய ரெக்கார்டிங் ஒண்ணு போடுங்கோளேன்னா."

கிச்சா மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தார். "அழிச்சுட்டேனே" என்றார். பிறகு, ஒரு குடும்பத் தலைவருக்கு உரிய பொறுப்போடு, "வேணும்னா ஸ்கூட்டரைத் திரும்பக் குழிமேலயே நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார்.

ஹமீதுன்னிசா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ பேரைச் செய்யச் சொன்னவர், தாமே அதைச் செய்தது கிடையாது. கண்ணை மூடினார்.

"ஙொய்ய்ய்ய்ய்ய்..."

நீரஜா பாய்ந்து போய்த் தம்புராவின் சின்னக் குமிழைத் திருப்பினார். தம்புரா அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது. "விடாதீங்கோ, விடாதீங்கோ!" ஹமீதுன்னிசாவுக்கு முகம் சிவந்தது, ஒரு கையால் கிச்சாவிடம் தண்ணீர் கேட்டார், ஙொய்யை மட்டும் விடவில்லை. இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட கணத்தில், எது தம்புரா, எது ராயப்பேட்டை என்று கிச்சாவுக்குத் தெரியவில்லை. மயிலாப்பூரில் ஒரு தம்புரா இப்படிச் சுருதி சேர்ந்தது அதுவே முதல் முறை என்று கருத இடமிருக்கிறது.

"போதும்" என்றார் நீரஜா. பாடினார். கல்யாணி. ஒரே மூச்சில், ஒரே பதிவில்.

மணி ஐந்தரையைத் தாண்டிவிட்டது. கிச்சா பதிவை சபாவுக்கான மெயிலில் ஏற்றி, அனுப்பு பொத்தானின்மேல் அம்பை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இனி ஹமீதுன்னிசா ஒருமுறை கேட்டுச் சொல்ல வேண்டும். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வலது பாதம் தரையில் அழுந்தியது. பாட்டுக்கு முன்னால் உள்ள அமைதி ஓடி முடிந்தது. துளி இரைச்சல் இல்லை. தம்புரா வந்தது. நீரஜாவின் குரல் வந்தது.

நீரஜா வேறு எங்கோ பார்ப்பதுபோல் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிச்சா குனிந்தே பார்த்தார்.

பாதம் அழுந்தியபடி இருந்தது. ஆலாபனை மேலே போய்த் திரும்பி வந்தது. பாதம் அசையவில்லை. கிச்சா மெல்லப் பொத்தானை அழுத்திவிட்டு, "ஹமீதாம்மா, அனுப்பிட்டேன்" என்றார்.

அவர் ஒரு விரலை உதட்டில் வைத்தார். கால் தரையில் இன்னும் அழுந்தியது.