ஜெயசுதா மறந்த வசனம்

ஜெயசுதா பல்லடத்துக்காரி. விசைத்தறி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனபோதுதான் அவளுக்குள் ஒரு நடிகை இருப்பது தெரிந்தது. பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டிக்கொண்டே மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவாள். டேபிளைச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்துப் புரளுவார்கள். அங்கே டெய்லராக இருந்த தங்கராஜ், லீவு நாட்களில் நாடகம் போடுகிறவர். ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "அம்மிணி, இதையே மேடையில பண்றியா?" என்றார்.

பண்ணினாள். அவள் வசனம் மட்டுமல்ல, எல்லாருடைய வசனமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மேடையில் யாராவது திணறினால் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. கணவன் அருள்குமார் அவளை பைக்கில் ஒத்திகைக்குக் கூட்டிப் போய், முடியும்வரை வாசலில் காத்திருப்பான்.

கோயமுத்தூரில் போட்ட நாடகத்தைப் பார்த்த ஒரு டிவி இயக்குநர் அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டார். சீரியலில் மாமியார் வேஷம். வருடக்கணக்கில் ஓடியது. சினிமாவிலும் அம்மா, அத்தை, போலீஸ்காரி என்று வேஷங்கள் வரிசையாக வந்தன. பல்லடம் பஸ்ஸில் ஏறினால் பெண்கள், "ஏனுங்க, அந்த மருமகள இந்தப் பாடு படுத்தறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது.

சீரியலில் வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகச் சொல்லுவார், கேட்டுச் சொன்னால் போதும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சௌகரியமாகிவிட்டது.

சீரியல் முடிந்த வருடம் தங்கராஜ் மறுபடி கூப்பிட்டார். குழுவுக்கு வெள்ளிவிழா, திருப்பூரில் புது நாடகம். சாயப்பட்டறை விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயாக அவள், தகப்பனாக தங்கராஜ். குடித்துவிட்டு வேலை செய்ததால்தான் பையன் செத்தான் என்று முதலாளி தரப்பில் சமாதானம் பேச வந்தவர்கள் சொல்ல, தாய் எழுந்து கேள்வி கேட்க வேண்டும். நாடகத்தின் உயிரே அந்தப் பேச்சுதான்.

எழுந்தாள். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவளை அறியாமல் தலை மேடையோரத் திரையை நோக்கித் திரும்பியது. அங்கிருந்து ஒரு குரல் வரும் என்று அவள் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் கோத்தது. தங்கராஜ் நிலைமையைப் புரிந்துகொண்டார். "நீ அழு புள்ள, நான் பேசறேன்" என்று அவள் வசனத்தை அவரே பேசி முடித்தார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "கண்ணாலயே பேசிப்போட்டீங்க" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் கும்பிட்டாள்.

"இதையே வெச்சுக்கலாம் அம்மிணி, நல்லாத்தான் இருக்குது" என்றார் தங்கராஜ்.

"அது நடிப்பில்லீங்கண்ணா. எனக்கு மறந்து போச்சு" என்றாள் அவள். "இன்னொரு வாட்டி போடுங்க. நான் பேசோணும்."

சென்னைக்குப் போனதும் புது சீரியலின் இயக்குநரிடம் தனக்கு யாரும் வசனம் சொல்லித்தர வேண்டாம் என்றாள். நேரம் வீணாகிறது என்று அவர் முணுமுணுத்தார். டேக் மேல் டேக் போனது. கூட நடித்த சின்னப் பெண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அருள்குமார் ஒத்திகைக்காக, சமாதானம் பேச வந்தவனாக உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டான். வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் ஒட்ட ஆரம்பித்தன.

வெள்ளகோவிலில் மறுபடி நாடகம். அதே இடம் வந்தது. எழுந்தாள். "என்ற பையன் குடிகாரன்னு சொல்றீங்களே, அவனை நீங்க ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வரி தப்பியது. அந்த இடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தாண்டிப் போனாள். யாருக்கும் தெரியவில்லை. கைதட்டல் திருப்பூரில் விழுந்த அளவுக்கு இல்லை.

மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். பெயர் பழனாயி, நூல் மில்லில் வேலை என்றாள். "என்ற பையனையும் அப்பிடித்தானுங்க சொன்னாங்க. நான் ஒண்ணுமே கேக்காம வந்துட்டனுங்க. நீங்க கேட்டீங்க பாருங்க..." ஜெயசுதா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். பையனைப் பற்றி விசாரித்தாள். வெளியே குழுவை ஏற்றிப்போக வந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, டிரைவரைப் போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.